ஓடினால் மயங்கும் குழந்தை: ப்ரோப்ரனலாலும் ஃப்ளெகனைடும்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, எடை 26 கிலோ. ஆறு வயதில் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் மயங்கி விழுந்து கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்றார்கள். அன்றிலிருந்து வால்ப்ரோயேட் சிரப் கொடுக்கிறோம். போன வருடம் தெருநாய் துரத்தி ஓடும்போது மறுபடி விழுந்தாள். அப்போதுதான் டிரெட்மில் பரிசோதனை செய்து ‘சிபிவிடி’ என்று கண்டுபிடித்தார்கள். ஆர்ஒய்ஆர்2 என்ற மரபணுவில் பிழை என்று ரிப்போர்ட் வந்தது. ப்ரோப்ரனலால் 20 மி.கி. மூன்று வேளை கொடுத்தோம். எந்நேரமும் சோர்வாக இருந்தாள். மதிய மாத்திரையைப் பள்ளியில் போடவே இல்லை. ஒரு வார மாத்திரை அவள் பென்சில் டப்பாவில் இருந்தது. உள்ளூர் டாக்டரிடம் சொன்னோம். அடெனலால் 25 மி.கி. ஒரே வேளை போதும் என்று மாற்றித் தந்தார். மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தாள். இப்போது டிரெட்மில்லில் கோளாறு தெரிகிறது என்று பெரிய டாக்டர் மறுபடி ப்ரோப்ரனலால், அதுவும் நாளைக்கு 80 மி.கி., கூடவே ஃப்ளெகனைடு 25 மி.கி. இரண்டு வேளை எழுதியிருக்கிறார். ஃப்ளெகனைடே உயிரைப் பறிக்கும் என்று நெட்டில் படித்தேன். வாங்கி வைத்தும் ஆரம்பிக்கவில்லை, அடெனலாலே ஓடுகிறது. மெஷின் வைத்துவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? அத்தை மகனைக் கட்டியதால்தான் இப்படி என்று வீட்டில் சொல்கிறார்கள். இளையவனுக்கு 5 வயது. அவனுக்கும் வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அவசரமானது ஒன்றுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய டாக்டர் எழுதிய மருந்தை ஆரம்பிக்கவில்லை என்று இன்றே அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லுங்கள். அடெனலாலை எந்த வேளையோடு நிறுத்தி, ப்ரோப்ரனலாலை எந்த வேளையில் தொடங்குவது, ஃப்ளெகனைடை என்று சேர்ப்பது, அதற்கு ஈசிஜி எந்த நாளில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாக அடெனலாலை நிறுத்திவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அடெனலால், ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்தைப் பல வாரம் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், அதுவரை தடுத்து வைத்த அட்ரினலினுக்கு இதயம் முன்பைவிட வேகமாகப் பதில் சொல்லும். உங்கள் மகளின் நோய்க்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. அதுவரை ஓட்டம், விளையாட்டு எதுவும் வேண்டாம்.

சிபிவிடி என்பது கேட்டகாலமினெர்ஜிக் பாலிமார்ஃபிக் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்பதன் சுருக்கம். ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பிறவிக் கோளாறு. எக்கோ எடுத்தால் இதயம் அழகாக இருக்கும். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜியும் சரியாக இருக்கும். அதனால்தான் முதல் தடவை யாரும் இதயத்தைச் சந்தேகிக்கவில்லை. ரத்தம் மூளைக்குப் போகாமல் நின்றாலும் கை கால் வெட்டும். பார்ப்பவருக்கு அது வலிப்புதான். ஓடும்போதும் பயந்தபோதும் மட்டும் விழுகிற குழந்தைக்கு, வலிப்பு மருந்து எழுதுமுன் ஒரு டிரெட்மில் பரிசோதனை செய்ய வேண்டும். உங்கள் மகளின் இரண்டு மயக்கமும் அப்படியே இருக்கின்றன.

உள்ளே நடப்பதை வீட்டு மொழியில் சொல்கிறேன். இதயத்தின் ஒவ்வொரு தசைச் செல்லுக்குள்ளும் கால்சியத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு தொட்டி உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் வால்வு ஒரு நொடிப்பொழுது திறந்து மூடும். அந்த வால்வைச் செய்யும் குறிப்புதான் ஆர்ஒய்ஆர்2. உங்கள் மகளுக்கு அந்த வால்வு சரியாக இறுகவில்லை. சும்மா இருக்கும்போது கசிவு தெரியாது. ஓடினாலோ பயந்தாலோ அட்ரினலின் ஏறும், தொட்டி நிரம்பி அழுத்தம் கூடும், வால்வு நேரம் கெட்ட நேரத்தில் கசியும். கசிந்த கால்சியத்தைச் செல் வெளியே தள்ளும்போது ஒரு சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதுதான் வேண்டாத துடிப்பு. ஒன்று வந்தால் பரவாயில்லை. அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தால் ரத்தம் நின்று குழந்தை விழுகிறாள்.

நீங்கள் அனுப்பிய டிரெட்மில் தாளைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 128 துடிப்பு வரும்வரை கோடு சுத்தமாக இருக்கிறது. பிறகு நல்ல துடிப்பு ஒன்று, அகலமான துடிப்பு ஒன்று என்று மாறி மாறி. 141ல் அகலமானவை இரண்டிரண்டாக வருகின்றன, அதிலும் ஒன்று மேலே குத்துகிறது, அடுத்தது கீழே. இந்த மேலும் கீழும்தான் இந்த நோயின் கையெழுத்து. மருந்து சாப்பிடும்போதே இப்படி இரண்டு சேர்ந்து வந்தால் மருந்து போதவில்லை என்று பொருள். மூன்று மாதம் நன்றாக இருந்தாள் என்கிறீர்கள். அந்த மூன்று மாதத்தில் அவளை எந்த நாயும் துரத்தவில்லை, அவ்வளவுதான்.

அடெனலால் ஏன் போதவில்லை? உள்ளூர் மருத்துவர் செய்ததில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு அந்த மாற்றம் சாதாரணம், இந்த நோயில் மட்டும் அது செல்லாது. அட்ரினலின் இதயத்தில் பீட்டா 1, பீட்டா 2 என்ற இரண்டு கதவுகள் வழியாக வேலை செய்கிறது. அடெனலால், மெட்டோப்ரொலால், பைசோப்ரொலால் எல்லாம் பெரும்பாலும் முதல் கதவை மட்டும் சாத்துபவை. ப்ரோப்ரனலாலும் நடோலாலும் இரண்டையும் சாத்தும். சிபிவிடி குழந்தைகளிடம் ஒரு கதவை மட்டும் சாத்தும் மருந்துகள் குறைவாகவே காத்தன என்று 2022ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வும் காட்டியது. உலகெங்கும் முதல் தேர்வு நடோலால். நாளுக்கு ஒரு வேளை, பலருக்கு அதுவே போதும். ஆனால் நம் ஊர் மருந்துக்கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ப்ரோப்ரனலால்.

ப்ரோப்ரனலாலின் குறை, சாதாரண மாத்திரை ரத்தத்தில் சில மணி நேரமே நிற்கும் என்பது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 மி.கி. வரை கொடுப்பது வழக்கம். முன்பு கொடுத்த 60 மி.கி. அவள் எடைக்குக் கிலோவுக்கு 2.3. மதிய மாத்திரை பென்சில் டப்பாவுக்குப் போனதால் உண்மையில் உடம்பில் சேர்ந்தது 40, கிலோவுக்கு 1.5தான். அதுவும் காலை மாத்திரை தீர்ந்துபோன மதியத்தில், மைதானத்துக்குப் போகும் நேரத்தில், தடுப்பே இல்லை. இப்போது எழுதியிருக்கும் 80 மி.கி. கிலோவுக்கு 3. எடைக்குச் சரியான அளவு. பயப்பட வேண்டாம். மருந்து சாப்பிட்டுக்கொண்டே மறுபடி மயங்கி விழும் குழந்தைகளை விசாரித்தால், பெரும்பாலும் ஒரு வேளை தவறிப்போன நாளாகத்தான் இருக்கும்.

மதிய வேளையைப் பற்றி உங்கள் நிபுணரிடம் இரண்டு வழிகள் கேளுங்கள். ஒன்று, காலை 6.30, மதியம் 1, இரவு 9 என்று வைத்து, மதிய மாத்திரையை வகுப்பாசிரியர் கையிலிருந்து, அவர் கண்முன்னே விழுங்கச் செய்வது. குழந்தையை நம்பி டப்பாவில் போட்டு அனுப்பாதீர்கள். ஒன்பது வயதில் தோழிகள் பார்க்க மாத்திரை போட யாருக்கும் பிடிக்காது, அதற்காக அவளைத் திட்டவும் வேண்டாம். இரவு ஒன்பதுக்கும் காலை ஆறரைக்கும் இடைவெளி நீளமாகத் தெரியலாம். தூக்கத்தில் அட்ரினலின் தாழ்ந்திருப்பதால் இந்த நோய் இரவில் அதிகம் தாக்குவதில்லை, அங்கே இடைவெளி இருக்கட்டும். இன்னொரு வழி, மெதுவாகக் கரையும் ப்ரோப்ரனலால் காப்ஸ்யூல், காலையும் இரவும். முழுசாக விழுங்கத் தெரிந்தால் மட்டும் அது. பிரித்துத் தண்ணீரில் கொட்டினால் ஒரே சமயத்தில் மொத்த மருந்தும் இறங்கிவிடக்கூடும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அன்று விளையாட்டு இல்லை. வீட்டில் எப்போதும் பதினைந்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கட்டும். மருந்துக்கடையில், “இது இல்லை, இதே மாதிரி வேறு இருக்கிறது” என்று பெயர் மாறிய மருந்தைக் கொடுத்தால், அட்டையின் பின்புறம் ப்ரோப்ரனலால் என்ற சொல்லைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ப்ரோப்ரனலாலின் சோர்வு உண்மையானது. முதல் சில வாரங்களில் அதிகம் தெரியும், பலருக்குப் பிறகு குறையும். அளவைப் படிப்படியாக ஏற்றினால் தாங்குவது எளிது. கெட்ட கனவு, கை கால் சில்லிடுவது, விளையாட்டில் சீக்கிரம் களைப்பது எல்லாம் வரலாம். அவளுக்கு ஒரு காரணம் கூடுதலாக இருக்கிறது: வால்ப்ரோயேட். இரண்டு மயக்கமும் இதயத்தால்தான் என்று உறுதியானால் அந்தச் சிரப்பே தேவைப்படாமல் போகலாம். நரம்பியல் மருத்துவரிடம் டிரெட்மில் தாளைக் காட்டிக் கேளுங்கள். அதையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, அவர் சொல்லும்படி இறக்க வேண்டும். சோர்வில் பாதி அங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இரண்டு விஷயங்கள் மட்டும் சோர்வைப் போல் பொறுத்துக்கொள்ளக் கூடாதவை. அவளுக்கு வீசிங் எப்போதாவது வந்திருந்தால் ப்ரோப்ரனலால் ஆரம்பிக்குமுன் சொல்லியாக வேண்டும், மூச்சுக்குழாயை அது சுருக்கும். அடுத்தது சர்க்கரை இறங்குவது. வெறும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ப்ரோப்ரனலால் ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். அதற்கான நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்தும்விடும். வியர்ப்பது மட்டும் தெரியும். ஆகவே காலை மாத்திரை இட்லியோ பாலோ ஏதாவது உள்ளே போன பிறகுதான். விரதம், சாப்பிடாமல் தூங்கிப்போவது வேண்டாம். வாந்தி, காய்ச்சலில் சாப்பாடு இறங்காத நாளில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை கலந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். குழந்தை மந்தமாகிக் கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இனி நீங்கள் பயந்த ஃப்ளெகனைடு. நீங்கள் படித்தது பொய்யில்லை. 1989ல் காஸ்ட் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், மாரடைப்பு வந்து மீண்டவர்களுக்கு அனாவசியத் துடிப்புகளை அடக்க இந்த மருந்தைக் கொடுத்தார்கள். துடிப்புகள் அடங்கின, ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். ஆய்வின் அந்தப் பகுதியை உடனே நிறுத்தினார்கள். மருத்துவமே அதிர்ந்த செய்தி அது. அன்றிலிருந்து மாரடைப்புத் தழும்போ பலவீனமான தசையோ உள்ள இதயத்துக்கு ஃப்ளெகனைடு கொடுப்பதில்லை. தழும்பு உள்ள இடத்தில் மின்சாரம் ஏற்கெனவே சுற்றி வளைந்து போகிறது. ஃப்ளெகனைடு அதை இன்னும் மெதுவாக்கினால் அது சுழலாக மாறிவிடும்.

உங்கள் மகளின் இதயத்தில் தழும்பு இல்லை. எக்கோ ரிப்போர்ட்டில் தசையின் வேலை சரியாக இருக்கிறது. அவளுடைய கோளாறு, செல்லுக்குள் இருக்கும் கால்சியத் தொட்டியின் கசியும் வால்வு. 2009ல் ஃப்ளெகனைடு அந்தக் கசிவால் பிறக்கும் துடிப்புகளை அடக்குவதை எலிகளிடமும் இரண்டு நோயாளிகளிடமும் காட்டினார்கள். அந்த வால்வையே அது அடைக்கிறதா, செல்லுக்குள் சோடியம் நுழையும் வழியை மட்டும் அடைக்கிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பலன் விஷயத்தில் வாதம் இல்லை. 2011ல் வந்த ஆய்வில், பழைய மருந்தோடு இதைச் சேர்த்து டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்த 29 பேரில் 22 பேருக்குக் கெட்ட துடிப்புகள் குறைந்தன அல்லது முழுக்க நின்றன. 2017ல் மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட முறையான சோதனையும் அதையே சொன்னது. 14 பேர்தான், ஆனால் அபூர்வ நோயில் 14 பேரைச் சேர்ப்பதே பெரிய காரியம்.

25 மி.கி. என்றால் 50 மி.கி. மாத்திரையில் பாதி. கத்தியால் வெட்டினால் ஒரு பக்கம் தூளாகும். மாத்திரை வெட்டும் சிறு பெட்டி மருந்துக்கடையில் கிடைக்கும், அதையே வாங்குங்கள். இரண்டு வேளைக்கும் பன்னிரண்டு மணி நேர இடைவெளி. நாளைக்கு 50 மி.கி. என்பது கிலோவுக்கு 2க்கும் கீழே, ஆரம்ப அளவு. டிரெட்மில் பார்த்துப் பிறகு கூட்டுவார்கள், எடை ஏறும்போதும் கூட்ட வேண்டியிருக்கும். தொடங்குமுன் ஒரு ஈசிஜி, தொடங்கி மூன்று முதல் ஐந்து நாளுக்குள் இன்னொன்று, அளவு மாறும்போதெல்லாம் ஒன்று. அதில் க்யூஆர்எஸ் என்ற அலையின் அகலத்தைப் பார்ப்பார்கள். முதல் ஈசிஜியில் 80 மில்லிசெகண்டு என்று வைத்துக்கொண்டால், 100ஐத் தொட்டால் கால் பங்கு அகன்றுவிட்டது, அளவைக் குறைக்க வேண்டும். தலைசுற்றல், பார்வை மங்கல் வந்தால் அடுத்த வேளை கொடுக்குமுன் கேளுங்கள். கொடுத்து வாந்தி எடுத்துவிட்டால் நீங்களாக மறுபடி கொடுக்காதீர்கள். இந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் ரத்தத்தில் ஒன்றின் அளவை மற்றொன்று சற்று உயர்த்தும். நாடி மிகவும் தாழ்ந்தால் சொல்லுங்கள் என்று மருத்துவர் சொல்வது அதனால்தான். அவளுக்கு எந்த எண்ணிக்கைக்குக் கீழே கூப்பிட வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெகனைடு வந்துவிட்டதே என்று ப்ரோப்ரனலாலைக் குறைப்பதை நீங்களாகச் செய்யக் கூடாது. எல்லா ஊர்க் கடையிலும் இது இருக்காது, தீருவதற்குப் பத்து நாள் முன்பே சொல்லி வையுங்கள்.

அடுத்த டிரெட்மில்லுக்கு ஒரு யோசனை. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் ஓடவிட்டால் எல்லாம் நன்றாகவே தெரியும். அடுத்த வேளைக்குச் சற்று முன்பு, மருந்து ரத்தத்தில் தாழ்ந்திருக்கும் நேரத்தில் ஓடவிட முடியுமா என்று கேளுங்கள். பள்ளி மைதானத்தில் அவள் நிற்பது அந்த நேரத்தில்தான்.

மெஷின், அதாவது ஐசிடி, மாத்திரைக்கு மாற்று இல்லை. அது கெட்ட தாளத்தைக் கண்டதும் நெஞ்சுக்குள் மின்னதிர்ச்சி கொடுக்கும். விழித்திருக்கும் குழந்தைக்கு அது பெரிய வலி, பெரிய பயம். பயம் என்றால் அட்ரினலின், அட்ரினலின் என்றால் மறுபடி அதே தாளம், மறுபடி அதிர்ச்சி. இந்த நோயில் அப்படி அடுத்தடுத்து அதிர்ச்சி வாங்கி ஆபத்தில் முடிந்தவர்கள் உண்டு. இதயம் நின்று உயிர் மீண்டவர்களுக்கும், எல்லா மருந்தும் தோற்றவர்களுக்கும்தான் அதை யோசிப்பார்கள், அப்போதும் மாத்திரைகள் தொடரும். இரண்டு மருந்தும் போதாவிட்டால், நெஞ்சின் இடப்பக்கம் இதயத்துக்குப் போகும் சில நரம்பு முடிச்சுகளைச் சிறு துளை வழியாக வெட்டும் அறுவை உண்டு. இடது கண் இமை சற்றுத் தாழ்வது, இடது கையில் வியர்வை வராமல் போவது அதன் பக்கவிளைவுகள். இப்போது அந்தப் பேச்சு தேவையில்லை.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து சளி, இருமல் சிரப்புகளின் சீட்டைப் படியுங்கள். ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின், டெர்பியூட்டலின், சால்பியூட்டமால், லெவோசால்பியூட்டமால் என்று எதைக் கண்டாலும் அவளுக்கு வேண்டாம். நம் ஊரில் சளிக்குக் கேட்டவுடன் கொடுக்கும் சிரப்பில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். எல்லாமே அட்ரினலின் குடும்பம். பல் பிடுங்கப் போனால் அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசி வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். காபி, எனர்ஜி டிரிங்க் வேண்டாம்.

ஓட்டம், கபடி, கயிறு தாண்டுதல், நீச்சல், ராட்டினம், காதருகே வெடிக்கும் சரவெடி இவை இல்லை. நீச்சல் தனியாகவே ஆபத்து. தண்ணீருக்குள் மயங்கினால் யாருக்கும் தெரியாது. நடக்கலாம், வரையலாம், பாட்டு வகுப்புக்குப் போகலாம். விளையாட்டு நேரத்தில் அவளை வகுப்பில் தனியாக உட்கார வைக்காமல், மைதானத்தில் ஸ்கோர் எழுதச் சொல்லுங்கள்.

பள்ளியிலும் வீட்டிலும் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்: அவள் விழுந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது என்று நேரத்தைக் கழிக்கக் கூடாது. தட்டிக் கூப்பிட்டுப் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் உள்ளங்கை வைத்து, நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 5 செ.மீ. இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். தானியங்கி அதிர்ச்சிக் கருவி பக்கத்தில் இருந்தால் உடனே ஒட்ட வேண்டும். அவள் பையில் ஓர் அட்டை இருக்கட்டும்: நோயின் பெயர், மருந்துகள், அளவு, நிபுணரின் எண். அட்ரினலின் ஊசி இந்த நோயில் தாளக்கேட்டை வளர்க்கக்கூடும் என்ற வரியை நிபுணரே எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும்; அவசரப் பிரிவு மருத்துவர் அதைப் பார்த்து முடிவெடுப்பார்.

அத்தை மகனைக் கட்டியது இதற்குக் காரணமில்லை. வீட்டில் இதை என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். சொந்தத்தில் மணம் செய்வதால் வரக்கூடிய சிபிவிடி ஒன்று உண்டு, அது காஸ்க்2 என்ற வேறு மரபணு. அதில் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வர வேண்டும். ஆர்ஒய்ஆர்2 பிழைக்கு ஒரே பிரதி போதும், அன்னியத்தில் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். பெற்றோர் யாரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

ஆனால் உங்களில் ஒருவரிடம் அது இருந்தால், தெரியாமலே இருக்கலாம், உங்களுக்கும் ஆபத்துதான். நீங்களும் உங்கள் கணவரும் டிரெட்மில் செய்து, மகளின் ரிப்போர்ட்டில் உள்ள அதே பிழைக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை கொடுங்கள். முழு மரபணுத் தொகுதியையும் மறுபடி பார்க்கத் தேவையில்லை. உங்களில் ஒருவரிடம் இருந்தால் மகனுக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஐந்து வயதுப் பையன் டிரெட்மில்லில் ஒழுங்காக ஓடமாட்டான், அவனுக்கு முதலில் அந்த ரத்தப் பரிசோதனையும் ஒரு நாள் முழுக்க ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியும். பிழை இருந்து அறிகுறி இல்லாவிட்டாலும் அவனுக்கும் பீட்டா தடுப்பு மருந்து ஆரம்பிப்பதே பெரும்பாலும் சரி. முடிவு வரும்வரை அவனைத் தண்ணீரில் தனியாக விடாதீர்கள், அக்காவுக்கு ஆகாத அந்தச் சளிச் சிரப் அவனுக்கும் வேண்டாம்.